மில்லுக்காரர் மீது எனக்கிருந்த பொறாமை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் தங்கையின் கணவர் மில்லில் வேலை பார்த்தார். நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து கீழமாசி வீதிக் கடைகளுக்கு மூட்டை கொண்டுபோய்ச் சேர்க்கும் கைவண்டிக்காரன். அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். சங்கு ஊதினால் அவருக்கு வேலை முடிந்துவிடும். எனக்குக் கடைசி மூட்டை இறங்கினால்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளக் கரையில் என் தங்கையோடு உட்கார்ந்திருப்பார். நான் பாரம் இழுத்துக்கொண்டு அந்த வழியே போவேன்.

"என்ன மச்சான், இன்னைக்குமா?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். எனக்கோ அறைந்தது போலிருக்கும்.

ஓர் ஆடி மாதம் அவருடைய வலது கை இயந்திரத்தில் சிக்கியது. இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது இரக்கமல்ல. இனி அவரும் நம்மைப் போலத்தான் என்ற நினைப்பு. ஆனால் மூன்றாம் நாளே மில் சங்கத்தார் திரண்டுபோய் மானேஜர் முன்னால் நின்றார்கள். கை ஆறும்வரை அவர் இடத்தில் வேறு ஆளைப் போடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். திரும்பிப் போனபோது பளு இல்லாத வேலை கொடுத்தார்கள். கட்டுப்போட்ட கையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மார்கழியில் என் காலில் சீனி மூட்டை விழுந்தது. கணுக்கால் வீங்கி, பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். நொண்டிக்கொண்டே, வண்டிக்குச் சொந்தக்காரரான மண்டிக்காரரிடம் போனால், என் வண்டியை வேறொருவன் பிடித்திருந்தான். ஒத்தக்கடைப் பக்கத்துச் சம்சாரி. மழை பொய்த்து விவசாயம் போனதால் டவுனுக்கு வந்தவன்.

"வண்டி சும்மா நிக்கக் கூடாதுல்ல? ஆளு கெடச்சான், போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு மண்டிக்காரர் உள்ளே போய்விட்டார்.

நான் அந்தச் சம்சாரியின் சட்டையைப் பிடித்தேன். "எறங்குடா, அது என் வண்டி."

அவன் கையைத் தட்டிவிடவில்லை. "அண்ணே, நீங்களும் ஒருத்தரு காச்சல்ல படுத்தப்பத்தான இந்த வண்டிக்கு வந்தீக? ஷெட்டுல சொன்னாக."

உண்மைதான். அந்த மனிதர் பிறகு என்ன ஆனார் என்று நான் ஒருநாள்கூட விசாரித்ததில்லை. பிடியை விட்டேன்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். "மாப்ள, ஒங்க சங்கத்துல என்னையும் சேத்துவிடுங்க."

"அது மில்லுக்காரங்களுக்கு, மச்சான். ஒங்களுக்கு நீங்கதான் ஆரம்பிக்கணும். ஷெட்டுல எம்புட்டுப் பேரு இருக்கீக?"

"அம்பது அறுபது பேரு இருப்போம்."

"அம்புட்டுப் பேரு இருந்தும், ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் அவன் எடத்துக்கு ஓடுறீகளே."

கோபம் வந்தது. விருட்டென்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் முதலில் அந்தச் சம்சாரியிடமே போய், நாமும் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம் என்றேன். அவன் தயங்கினான். "சங்கம் வந்தா என்னையத்தானண்ணே மொதல்ல வெளிய அனுப்புவீக?"

"அனுப்ப மாட்டோம். இன்னொரு வண்டி கேப்போம். நாளைக்கு ஒனக்குக் காலு ஒடிஞ்சா யாரு வருவா, சொல்லு."

அவன் வந்தான். இருவரும் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினோம். தைப் பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, வெல்லமும் கரும்பும் வந்து குவிந்த காலையில், ஒருவரும் வண்டியைத் தொடவில்லை. உச்சிவேளைக்குள் மண்டிக்காரர்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார்கள். படுத்தவன் எழுந்து வரும்வரை அவன் வண்டி அவனுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். நாங்கள் கேட்ட ஞாயிற்றுக்கிழமை விடுப்பு மட்டும் கிடைக்கவில்லை. என் வண்டி எனக்கு வந்தது. உடைந்து கிடந்த ஒன்றுக்குச் சக்கரம் மாற்றி அவனுக்குக் கொடுத்தார்கள்.

அந்த வாரமே செயலாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடினோம். என்னைத்தான் சொல்வார்கள் என்று சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் அந்தச் சம்சாரியைக் கைகாட்டினார்கள். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும். நானும் கைதட்டினேன். ஆனால் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உறுப்பினர் சீட்டில் என் பெயரை அழகாக எழுதி நீட்டினான். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.