கக்கூஸ் வாயுவில் எரிந்த அடுப்பு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்த விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. தொழிற்சாலை ஆட்கள் தங்கும் இடம் அது. கக்கூஸ் கழுவ வந்த நாளிலிருந்து அவள் பினாயில் அக்காதான். புருஷன் செத்த கையோடு வந்தவள். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்தது இந்த வேலையில்தான். அந்த மகராசிகளோ, அம்மாவுக்கு ஆபீஸ் வேலை என்று புருஷன்மாரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். தின்ற சோற்றுக்கே வெட்கப்படும் ஜென்மங்கள்.

இந்த வருஷம் வெயில் ஆளை உரித்தது. வரவேண்டிய மாதத்தில் எட்டிப் பார்க்காத மழை, வரக்கூடாத மாதத்தில் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. கண்டதையும் எரித்து வானத்தைக் கெடுத்தது போதும் என்று முதலாளிக்கு ஞானம் பிறந்தது. சமையல் சிலிண்டரை நிறுத்திவிட்டு, பின்பக்கம் பெரிய தொட்டி கட்டினார். கக்கூசில் போவதெல்லாம் அதில் விழும். உள்ளே இருக்கும் கிருமி அதைத் தின்று வாயு விடும். அந்த வாயுவில் அடுப்பு எரியும்.

"கிருமி செத்தா அடுப்பும் செத்துச்சு. பினாயில், ஆசிட் எதுவும் உள்ள போகவே கூடாது" என்று தொட்டி கட்டியவர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். அன்றிலிருந்து அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் பிரஷ்ஷும் தண்ணீருமாகத் தேய்த்தாள்.

அடுப்பு ஜம்மென்று எரிந்தது. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு படம் மாட்டினார். இந்தப் பக்கம் கக்கூஸ், அந்தப் பக்கம் அடுப்பு, நடுவில் குழாய். பிடித்தது சனி. அதுவரை தட்டை வழித்துத் தின்றவர்களுக்கெல்லாம் குமட்டிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், குழம்புல ஒரு மாதிரி வாடை வருது."

"வரும்டா, உன் வாடைதான்" என்றார் சமையல்காரர்.

கொஞ்ச நாளில் நெருப்பு சுருங்கியது. ஒரு நாள் அணைந்தே போனது. வார்டன் நேராக அவளிடம்தான் வந்தார்.

"பினாயில் ஊத்துனீங்களா இல்லையா?"

"எம் பொண்ணுங்க மேல சத்தியமா ஊத்தல சார்."

"பின்ன அடுப்பு தானா செத்துச்சா? ஒழுங்கா ஒத்துக்கோங்க. இல்லேன்னா நாளையிலிருந்து வேற ஆள் பாத்துக்கறோம்."

வேலை போனால் பெண்கள் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதற்கு இந்தக் கக்கூஸ் எவ்வளவோ மேல்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஒவ்வொரு கக்கூஸ் கதவுக்கும் பூட்டுப் போட்டாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வழியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஆட்கள் வந்து நெளிய ஆரம்பித்தார்கள்.

"தொட்டியில மருந்து ஊத்தினவன் யாருன்னு சொல்லிட்டு சாவிய வாங்கிக்கோ."

"அக்கா, விளையாடாதக்கா" என்றான் வெல்டர்.

"எனக்கென்னப்பா அவசரம்? நான் காலையிலயே போயிட்டேன்."

வெல்டர் காலை மாற்றி மாற்றி நின்றான். நெற்றி வேர்த்தது. "சரி, நான்தான்க்கா. கொஞ்சமா ஊத்தினேன்."

"ஏண்டா?"

"நம்ம சோறு வேகுற கேஸாச்சே. போகும்போதே சுத்தமா போகட்டும்னுதான்..."

"நானும்தான்க்கா" என்றான் பின்னால் நின்றவன். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். ஒருவன் ஆசிட், ஒருவன் பிளீச்சிங் பவுடர். பீயைக் கழுவிச் சமைக்கப் பார்த்திருக்கிறார்கள், தின்ற கையைத் தலையணை உறையில் துடைக்கும் பயல்கள். இத்தனை வருஷம் தேய்த்தும் வராத வாந்தி அவளுக்கு அப்போது தொண்டை வரை வந்தது. சாவிகளை அவர்கள் மூஞ்சியில் எறியாத குறையாகக் கொடுத்தாள்.

கடைசியாக வார்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சாவியக் குடுங்கம்மா."

"நீங்க எவ்வளவு சார் ஊத்துனீங்க?"

"அது... ஒரு பாட்டில்."

"காதுல விழல."

"முழு பாட்டில்மா! குடுங்க!"

"அப்ப வேற ஆள் பாக்குறது?"

"யாரையும் பாக்கல! நீங்கதான்! குடுங்கம்மா தாயே!"

கொடுத்தாள். உள்ளே ஓடியவர், வெளியே வந்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி வார்டன் ஆனார். "தொட்டியக் கழுவிட்டு, கிருமி மறுபடி வர புதுசா சாணி கரைச்சு ஊத்தணுமாம். யாராவது ஆள் கூட்டிட்டு வாங்க."

"ஆள் எதுக்கு? மருந்து ஊத்தின கையெல்லாம் இங்கதான நிக்குது" என்றாள். "வாளி அந்தா கெடக்கு. அதுல முதல் வாளி தண்ணிய நீங்க போயிட்டு வந்த எடத்துல ஊத்துங்க சார். கதவு தெறந்தே கெடக்கு, கண்ணு கூசுது."