எங்கே நின்றார் பழனிசாமி அண்ணன்?

சைக்கிள் விற்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அந்தச் சைக்கிள் எந்த வழியாக, என்ன வேகத்தில், எவ்வளவு தூரம் போனது என்று சொல்லும் கருவியை விற்றுப் பாருங்கள், அப்போது தெரியும். ஏற்காடு மலைப்பாதை ஆரம்பிக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் கடை. செயின், பிரேக், கிரீஸ் எல்லாம் என் வீட்டுக்காரர் பாடு. போன் ஆப், கைக்கடிகாரம், ஹேண்டில்பாரில் மாட்டுகிற சின்னத் திரை, இதெல்லாம் என் பாடு. செட்டிங்ஸ் என்று ஒன்று உள்ள எந்தப் பொருளையாவது மேசைக்குப் பின்னால் நின்று விற்றவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், என்னையும் உங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாரிப் பெட்டி

மல்லசமுத்திரத்திலிருந்து பழனிசாமி அண்ணன் வந்தார். ஏழு லாரி வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் மலை ஏறுகிற சைக்கிள் ஒன்று வாங்கி, ஞாயிறுதோறும் காரில் கொண்டுவந்து எங்கள் கடை வாசலில் இறக்கி ஏறுவதாகத் திட்டம். மூன்று மாதத்துக்குள் மேலே போய் ஏரியைப் பார்த்துவிட்டு வரவேண்டுமாம். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் லாரியில் மாட்டுகிற ஜி.பி.எஸ். பெட்டி, இரண்டு முழம் ஒயர், பைக் பேட்டரி ஒன்று. "நம்ம லாரிக்கெல்லாம் இதுதானுங்க அம்மிணி. சீட்டுக்கு அடியில கட்டி உட்டுருங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டார். சிரிக்கத்தான் போனார்.

நான் மூன்று வகையையும் எடுத்து வைத்தேன். போன் ஆப்புக்குச் செலவு இல்லை, ஆனால் பேட்டரியைக் குடித்துவிடும். திரை என்றால் மண் தடத்தில் குலுங்கினாலும் தாங்கும், ஓட்டிக்கொண்டே படிக்கலாம். கடிகாரம் கையிலேயே கிடக்கும், எல்லாவற்றையும் பதிந்து வீட்டில் இருப்பவர் போனுக்கு அனுப்பிவிடும். அண்ணன் திரையைப் பார்த்தார். கூட வந்திருந்த அவர் மனைவி சரஸ்வதி அக்கா கடிகாரத்தை எடுத்தார். லாரி ஆபீஸில் உட்கார்ந்து ஏழு வண்டியையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அக்காதான். எந்த டிரைவர் எங்கே எத்தனை நிமிடம் நிறுத்தினார் என்பதெல்லாம் விரல் நுனியில். வண்டி நின்றால் ஒன்று டீசல் வெளியே போகிறது, இல்லாவிட்டால் புரோட்டா உள்ளே போகிறது என்பது அவர் முடிவு. மலைப்பாதையில் பஜ்ஜிக் கடை உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எவ்வளவு தூரம் போனாருன்னு எனக்கு வேண்டாம் அம்மிணி. எங்கெங்க நின்னாருன்னு காட்டுமா, அதைச் சொல்லுங்க."

நானூறு மீட்டர்

வெண்ணந்தூரில் தறி போட்டிருக்கும் ஒருவர் எங்களிடம் திரை வாங்கிப் போனார். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். ஒரே தடம், ஒரே சைக்கிள், ஒரே நேரம். திரை முப்பத்தோரு கிலோமீட்டர் என்கிறது, போன் முப்பது கிலோமீட்டரும் அறுநூறு மீட்டரும் என்கிறது. எது பொய் சொல்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். கருவி நீங்கள் போகிற வழியில் புள்ளி வைத்துக்கொண்டே வருகிறது, ஒன்று நெருக்கமாக வைக்கும், இன்னொன்று தள்ளித் தள்ளி வைக்கும், தள்ளி வைத்ததை நேராகக் கோடு போட்டுச் சேர்த்தால் வளைவு கொஞ்சம் சுருங்கிவிடும் என்று படம் வரைந்து விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன், எனக்கே புரிந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"பாவு நூலுல நானூறு மீட்டரு குறைஞ்சா யாவாரிக்கு நான் பதில் சொல்லோணுமுங்க. இந்த நானூறு மீட்டரு இப்ப யாருகிட்டங்க இருக்குது?"

தானாக நிற்பது

பழனிசாமி அண்ணன் முதல் ஞாயிறு ஏறி இறங்கிய மறுநாளே தனியாக வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கிட்டே வந்தார். மலையில் ஒரு வளைவில் பத்து நிமிடம் நின்றது, வாங்கிப் போன கடிகாரம் வழியாக அக்காவின் போனில் தெரிந்துவிட்டதாம், வீட்டில் ஒரே அக்கப்போராம். நின்ற நேரத்தைக் காட்டாமல் இருக்க வழி இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது. ஆட்டோ பாஸ் என்று பெயர். சைக்கிள் நின்றால் நேரமும் நின்றுவிடும், உருண்டால் ஓட ஆரம்பிக்கும். சிக்னலில் நிற்கிற நேரம் கணக்கில் சேரக்கூடாது என்று முக்கால்வாசிப் பேர் போட்டுக்கொள்வதுதான், தப்பு ஒன்றும் இல்லை. நானும் பஜ்ஜி என்றுதான் நினைத்தேன். மனுஷன் வாரத்தில் ஒரு நாள் ரெண்டு பஜ்ஜி தின்றால் குடியா முழுகிவிடும் என்று போட்டுக் கொடுத்தேன். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஊட்டுல கேட்டா, மெசினே அப்பிடித்தான்னு சொல்லிப்போடுங்க அம்மிணி."

காணாமல் போன நேரம்

நாலாவது ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்து நான் ஷட்டரைத் தூக்கும்போதே சரஸ்வதி அக்கா வாசலில் நிற்கிறார். கார் டிரைவர் வண்டிக்குள் இருக்கிறார். அண்ணன் மலையில் இருக்கிறார். அக்கா போனை நீட்டினார். போன வாரம் ஆறு மணிக்குச் சைக்கிளை இறக்கியிருக்கிறார்கள், திரும்பிக் காரில் ஏற்றியது ஏழே முக்கால். கடிகாரம் ஒரு மணி அஞ்சு நிமிடம்தான் என்கிறது. மீதி நாற்பது நிமிடம் எங்கே? "என்னை ஏமாத்த எங்க டிரைவருகளாலயே ஆவல. வாரா வாரம் கேக்கறேன், வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. மெசினு கோளாறா, இல்ல மனுசன் கோளாறா?"

மெசின் அப்படித்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்தான் போட்டுக் கொடுத்தேன், அண்ணன் கேட்டார் என்று ஒப்புக்கொண்டேன். கிடைக்க வேண்டிய திட்டு கிடைத்தது. அந்த நேரத்துக்குத்தான் அண்ணனும் உருண்டு வந்து சேர்ந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். முகம் வெளுத்திருந்தது. "எங்க நின்னீங்க?" என்று அக்கா கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார், ஹேண்டில்பாரைப் பார்த்தார், அப்புறம் சொன்னார்:

"ஆமா சரசு, மொளகா பஜ்ஜி ரெண்டு தின்னேன். வாரா வாரம் திங்கறேன். போதுமா?"

இறங்கி வரும் கடை

அதோடு விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை. எந்தக் கடை என்று காட்டச் சொன்னார், கடைக்காரரிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாராம். நான் நாலு ஞாயிறுப் பதிவையும் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஆட்டோ பாஸ் நேரத்தைத்தான் மறைக்கும். நின்ற இடத்தில் புள்ளி அறுந்திருக்கும், தேடினால் கிடைத்துவிடும். முதல் வாரம் ஏழாவது வளைவு. இரண்டாம் வாரம் ஐந்தாவது. மூன்றாம் வாரம் நாலாவது. இன்றைக்கு இரண்டாவது. நாங்கள் தினம் பார்க்கிற மலை, அந்த வளைவுகள் எதிலும் கடை கிடையாது. இருந்தாலும் பஜ்ஜிக் கடை வாரா வாரம் கீழே இறங்கி வருமா?

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். வாடிக்கையாளர் சொன்னால் கேட்க வேண்டும் என்பது தொழில் தர்மம்தான். ஏற்கெனவே ஒருதரம் கேட்டுத்தான் இந்த லட்சணம். "அக்கா, இங்கே கடையே இல்லை. அண்ணனால் ஏற முடியவில்லை, அதனால் நிற்கிறார். ஒவ்வொரு வாரமும் இன்னும் சீக்கிரமாக நிற்கிறார்" என்று சொல்லிவிட்டேன். அக்கா திரையைப் பார்த்தார். ஏழு வண்டியைப் பார்த்துப் பழகிய கண், ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. "நெஞ்சு வலிக்குதுங்களா?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மேட்டுல வண்டி நிக்குதுன்னா இன்ஜினைப் பாக்கோணும், டிரைவரைத் திட்டப்படாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? காரை எடுக்கச் சொல்லுங்க சாமி."

திங்காத பஜ்ஜி

நேராகச் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தக் குழாயில் இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ரெண்டு வாரம் ஏறியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாராம். அதற்கப்புறம் ஆட்டோ பாஸ் என்றாலே எனக்கு ஆகவில்லை. யார் அதைப் போடச் சொன்னாலும் கை கூசியது.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். சமவெளியில் மட்டும் மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஏரியெல்லாம் அப்புறம். இந்தத் தடவை போகிற இடத்தை அந்த நேரமே வீட்டு போனில் காட்டுகிற ஆப் வேண்டும் என்று அண்ணனே கேட்டார். போட்டுக்கொண்டே நானும் கேட்டுவிட்டேன், ஏன் அண்ணா அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று. "பஜ்ஜின்னா திட்டோட போயிரும் அம்மிணி. நெஞ்சு வலின்னா சைக்கிளைப் புடுங்கிருவா" என்றார், சாதாரணமாக. அக்கா இதை அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. கையிலிருந்த போனை மேசைமேல் வைத்தார். கண் நிறைந்துவிட்டது.

"திங்காத பஜ்ஜிக்கு ஒரு மாசமா எங்கிட்டத் திட்டு வாங்கிட்டு, நான் போட்ட களியைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனீங்களே, ஏனுங்க, சைக்கிளு போனா போவுது, நான் எங்கீங்க போவேன்?"

இப்போதெல்லாம் யாராவது கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, நின்ற நேரம் தெரியக்கூடாது என்று காதோரம் கேட்டால், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன், அதில் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.