நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்

என் அண்ணன் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். தோளில் ஒரு காக்கிப் பை, பைக்குள் டார்ச், அளவுகோல், கம்பிச் சுருள், ஈய முத்திரை. எந்தக் கட்டடத்தில் அவன் தலை தெரிந்தாலும் காவலாளிகள் ‘சீல் வந்தாச்சு’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பத்து லிஃப்டைப் பார்த்தால் மூன்றையாவது பூட்டி முத்திரை வைக்காமல் அவன் வீடு திரும்பியதில்லை. என்னைவிட இரண்டே வயது மூத்தவன், அதனால் அவன் இவன் என்றுதான் எழுதப் போகிறேன்.

மற்ற இன்ஸ்பெக்டர்கள் சர்டிபிகேட்டில் ‘பாதுகாப்பானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவனுக்கு அந்த வார்த்தை கையில் வராது. ‘பார்த்த நாளில் குறை எதுவும் தென்படவில்லை’ என்றுதான் எழுதுவான். குறை இல்லையா, தென்படவில்லையா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் சார் என்று குடியிருப்புச் செயலாளர்கள் சண்டைக்கு வருவார்கள். பார்த்ததை எழுதத்தான் எனக்குச் சம்பளம், பார்க்காததற்கு இல்லை என்பான். குழம்பு எப்படி என்று அண்ணி கேட்டாலும் குறை ஒன்றும் தெரியவில்லை என்பான். அண்ணி கேட்பதையே விட்டுவிட்டாள்.

நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும். லிஃப்ட் ஓடினால்தான் எங்களுக்கு ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு இது தெரியாதா என்ன? டயாலிசிஸ் நாட்காட்டியை எங்கள் சுவரில் ஒட்டியதே அவன்தான்.

எங்கள் பகுதிக்கு அவன் ஒருவன்தான் இன்ஸ்பெக்டர். போன மாதம் ஒரு திங்கட்கிழமை வருடாந்தர சோதனைக்கு எங்கள் கட்டடத்துக்கு வந்தான். கயிற்றை அளந்தான், சரி. பிரேக் சரி. மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினான், சரி. கடைசியில், அவன் வழக்கப்படி, தானே ஏறி மேலும் கீழும் போனான். ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். கூட இருந்த மெக்கானிக்குக் கேட்கவில்லை. என்னையும் ஏற்றினான். எனக்கும் கேட்கவில்லை. முப்பது தடவை போய் வந்ததில் அவனுக்கு மட்டும் நான்கு தடவை கேட்டது. மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, ஒன்றுமே இல்லை சார் என்று கையை விரித்துவிட்டார். அண்ணன் பையிலிருந்து முத்திரையை எடுத்தான்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஞாபகப்படுத்தினேன். தெரியும், நானே வந்து தூக்குகிறேன் என்றான்.

தூக்கினான். கைப்பிடி வைத்த மர நாற்காலியில் என் கணவரை உட்கார வைத்து, அண்ணன், மெக்கானிக், காவலாளி, கீழ்வீட்டு டிரைவர் என நான்கு பேர் ஆறு மாடி இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். கணவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி முடிந்ததும் அண்ணன் அலுவலகத்துக்குக்கூடப் போகாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, காதைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றான். புதன்கிழமை தன் காதையே சோதிக்கக் கொடுத்தான். இரண்டு காதிலும் குறை எதுவும் தென்படவில்லை என்று காது டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாராம். அப்படியென்றால் குறை இல்லையா, தென்படவில்லையா என்று இவன் அங்கேயே கேட்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை மூன்றாவது மாடித் திருப்பத்தில் டிரைவரின் செருப்பு வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது. விழாமல் பிடித்துவிட்டார்கள், ஆனால் என் கணவரின் இடது கை சுவரில் மோதியது. டயாலிசிஸுக்கு ஊசி போடும் கை அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வீங்கிவிட்டது. அன்றைக்குக் கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் செய்தார்கள். இன்னொரு தடவை இப்படி அடிபட்டால் இந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று நர்ஸ் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் படிக்கட்டிலேயே அண்ணனை நிறுத்தினேன்.

“படிக்கட்டுக்கு யாரு சர்டிபிகேட் கொடுத்தது?”

“படிக்கட்டு என் வேலையில வராது” என்றான்.

“அதான் கேக்கறேன். உன் ஃபாரத்துல லிஃப்ட் விழுந்தா மட்டும்தான் ஆபத்து. இவர் படியில விழுந்தா அது கணக்குலயே வராதா? உனக்கே நிச்சயமா தெரியாத ஒரு சத்தத்துக்காக, என் கண்ணு முன்னாடி நடக்கறத நான் பாத்துக்கிட்டே இருக்கணுமா?”

இருபத்தாறு வருட வேலையில் அந்த ஃபாரத்தில் இப்படியொரு கட்டம் இல்லை என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை போலிருந்தது. சுவரில் கணவரின் கை உரசிய இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முத்திரையை உடைத்தான். சர்டிபிகேட்டில் வழக்கமான அதே வரி. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் லிஃப்ட் வாசலில் பையோடு நிற்கிறான். கூட வருவானாம். அன்றிலிருந்து வாரம் மூன்று நாளும் வந்தான். இறங்கும்போது பேசமாட்டான், எங்களையும் பேச விடமாட்டான், தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

“மச்சான், நீங்க தொண்ணூறு கிலோ. நீங்க ஏறினா கயித்துக்கு பாரம்தான் கூடுது.”

“தெரியும் மாப்பிள்ளை. விஞ்ஞானப்படி பாத்தா நான் வரக்கூடாது.”

“அப்புறம் எதுக்கு வர்றீங்க?”

“மேல நின்னு கையெழுத்து போட்டுட்டு உங்கள மட்டும் அனுப்ப முடியல” என்றான்.

இதுவரைக்கும் அவனைப் பற்றிச் சொன்னேன். இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று செவ்வாய்க்கிழமை, அண்ணன் வரவில்லை. வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள், போயே ஆக வேண்டும், நீங்கள் கிளம்புங்கள் என்று போன் செய்தான். நானும் கணவரும் லிஃப்ட் வாசலில் நின்றோம். பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை. கயிறும் பிரேக்கும் சனிக்கிழமை இருந்ததுபோலத்தான் இருக்கின்றன, தொண்ணூறு கிலோ குறைவு வேறு. எல்லாம் புரிகிறது, கைதான் போகவில்லை. அவனை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! கடைசியில் என் கணவரே எட்டிப் பொத்தானை அழுத்தினார்.

கதவு மூடியது. ஆறு, ஐந்து. அவனைப்போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

டக்.

சின்னச் சத்தம்தான். மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவை அழுத்தினால் வருமே, அதுபோல. கணவரைப் பார்த்தேன். அவர் கைவீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். வீக்கம் இப்போதுதான் வடிய ஆரம்பித்திருக்கிறது. என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போட்டு உட்கார வைத்த பிறகு அண்ணன் மறுபடி போன் செய்தான். ஏதாவது சத்தம் கேட்டதா என்றுதான் முதலில் கேட்டான். கேட்டது என்று நான் சொன்னால் அடுத்த நிமிஷம் முத்திரை விழும், அதற்கடுத்து நாற்காலி, படிக்கட்டு, மூன்றாவது மாடித் திருப்பம். ஒருவேளை அந்தச் சத்தம் என் பயத்தில் எனக்குக் கேட்டதாகவும் இருக்கலாம். இருக்கலாம்.

“எதுவும் கேக்கல” என்றேன்.

அவன் மெதுவாக, “எனக்கும் ரெண்டு வாரமா கேக்கல. உனக்கும் கேக்கலேன்னா சரி, என் காதுதான் போலிருக்கு. இனிமே நான் வரல, நீங்களே போயிட்டு வாங்க” என்றான். இத்தனை வருடத்தில் அவன் குரல் அவ்வளவு லேசாக இருந்து நான் கேட்டதில்லை.

நாளைக்கு வியாழக்கிழமை.