வாசிக்காமல் வைத்த கையொப்பம்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மணி,

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவன் எழுதும் இந்தப் பக்கங்களை, நீங்கள் எவராயினும், பொறுமையோடு வாசிக்குமாறு வேண்டுகிறேன். ஜேர்மன் மொழியை நான் எந்த வகுப்பிலும் கற்றதில்லை. இரும்பு உருக்கும் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், இடைவேளைகளில் பழைய பத்திரிகைகளையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு நானே கற்றேன். அதன் பயனாக, எங்கள் நகரத்துத் தமிழர்கள் தமக்கு வரும் அலுவலகக் கடிதங்களை என்னிடம் கொண்டுவருவது வழக்கமாயிற்று. "அண்ணை பாத்திட்டார்" என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு வேறொருவரும் அந்தக் கடிதத்தைப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு இந்நகரத்துக்கு அனுப்பப்பட்ட அகதிகளுக்கு இடம் போதாமல், ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில் திரைகளால் மறைத்துக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நான் அங்கே சென்று படிவங்களை நிரப்பிக் கொடுத்து வந்தேன். சூடான் நாட்டிலிருந்து வந்த ஒரு தாயை அங்கேதான் அறிந்தேன். அவருடைய மகளுக்கு மூச்சிழுப்பு நோய். நூறு பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடத்தில் அந்தப் பிள்ளை உட்கார்ந்தபடியே உறங்கும். தனியறை தேவை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் தனியறை எங்கும் இல்லை.

எங்கள் கோயில் மண்டபம் தொழிற்பேட்டையில், வாகன ரயர்க் களஞ்சியம் ஒன்றின் அருகில் இருக்கிறது. அதே வீதியில் ஒரு ஹோட்டல் நெடுநாளாக மூடிக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து, விளையாட்டு மண்டபத்திலிருக்கும் குடும்பங்களை அங்கே தங்கவைக்கலாமா என்பதை நகரசபை வாக்கெடுப்புக்கு விட இருந்தது. சபை கூடும் நாளில் குடிமக்களும் எழுந்து பேசலாம் என்று அந்தத் தாய்க்கு விளக்கி, திட்டத்துக்கு ஆதரவாக நான் பேசுவேன் என வாக்குக் கொடுத்தேன்.

இனி என் நண்பரைப் பற்றிக் கூற வேண்டும். நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், புகையிரத நிலையத்துக்கு எதிரேயிருந்த சிறு ஹோட்டலொன்றில் ஒரே அறையில் பதினான்கு மாதங்கள் இருந்தோம். அந்த அறையைத் தந்ததும் இதே நகரசபைதான். இருவருக்கும் ஒரே குளிரங்கி. எவருக்கு அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இருந்ததோ அவர் அதை அணிந்து போவார், மற்றவர் அறையில் இருப்பார். இன்று அவர் கோயில் நிர்வாகத்தின் செயலாளர்.

சபை கூடுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, அன்னதானத்தில் நான் சாம்பார் வாளியுடன் வரிசையில் நின்றேன். அவர் ஓர் அட்டையில் செருகிய கடிதத்தோடு வந்து, கோயில் மண்டபத்துக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லாத விடயமாக நகரசபைக்குக் கொடுப்பதாகவும், முதல் கையொப்பம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கடிதம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. என் மூக்குக்கண்ணாடி மேலங்கியில் கிடந்தது. அன்னதானத்துக்கு இருந்தவர்கள் முன்னிலையில் கண்ணாடியை எடுத்துவந்து வாசிப்பது, உம்மை நான் நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்கு ஒப்பாகும். கையைத் துடைத்துவிட்டு ஒப்பமிட்டேன்.

சபை கூடிய மாலை, பார்வையாளர் வரிசையில் அந்தத் தாய் என் அருகில் இருந்தார். ஹோட்டல் திட்டத்தை எதிர்க்கும் உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு கடிதத்தை வாசித்தார். கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய இரு வரிகளுக்குப் பின்னர், அந்த ஹோட்டலில் அகதிகளைக் குடியேற்றுவதைக் கோயிலைச் சேர்ந்தவர்கள் எதிர்க்கிறார்கள் என்று இருந்தது. ஒரு காலத்தில் அகதிகளாக வந்தவர்களே இதை விரும்பவில்லை என்று கூறி, முதலாவது பெயரை வாசித்தார். அது என் பெயர். அந்தத் தாய்க்கு ஜேர்மன் அதிகம் விளங்காது. ஆயினும் ஹோட்டல் என்ற சொல்லும் என் பெயரும் அவருக்கு விளங்கின. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

என் முறை வந்தபோது, வாசிக்காமல் ஒப்பமிட்டேன் என்று கூறினேன். இது கேள்வி நேரம், கேள்வியாகக் கேளுங்கள் என்று தலைவர் மரியாதையாகச் சொன்னார். என் கையொப்பத்தை மீளப் பெற முடியுமா என்று கேட்டேன். எழுத்தில் தந்தால் முடியும், ஆனால் இன்றைய வாக்கெடுப்பை அது தடுக்காது என்றார். எவரோ சிரித்தார்கள். திட்டம் சொற்ப வித்தியாசத்தில் தோற்றது.

வெளியே, பேருந்துத் தரிப்பிடத்தில் நண்பர் நின்றார்.

"ஹோட்டலைப் பற்றி எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் கையெழுத்து வைச்சிருக்க மாட்டியள்."

"நாங்களும் ஒரு ஹோட்டல் அறையிலைதானே இருந்தனாங்கள்."

"ஓம். அதை இப்ப ஆருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம் எண்டுதான். நாளைக்கு வெளிநாட்டாக்கள் வேண்டாம் எண்டு ரோட்டிலை நிண்டு கத்துறவன், ஆர் எப்ப வந்தது எண்டு கேட்டுக் கத்த மாட்டான். எங்கட பேரப்பிள்ளையளையும் சேர்த்துத்தான் கத்துவான்."

ஒப்பமிட்ட மற்றவர்களுக்காவது உண்மையைச் சொன்னீரா என்று கேட்டேன்.

"உங்கட பேரைப் பாத்துத்தான் எல்லாரும் வைச்சவை. ஊர்ச் சனத்தின்ரை கடிதமெல்லாம் வாசிக்கிறனீங்கள். இதையும் வாசிச்சிருக்கலாமே, அண்ணை."

பேருந்து வந்தது. அவர் ஏறினார். நான் நடந்தே வீடு சென்றேன்.

கையொப்பத்தை மீளப் பெறுவதாக மறுநாளே எழுதினேன். கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை விளையாட்டு மண்டபத்துக்குச் சென்று, சபையில் நடந்ததை அந்தத் தாய்க்கு மெதுவாக, எளிய சொற்களில் விளக்கினேன். அவர் தலையசைத்தார். நாங்கள் நம்பாத அதிகாரிகளுக்கு முன் ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் தலையசைத்தோம். அவர் கையில் புதிதாக வந்த கடிதமொன்று இருந்தது. அதை என்னிடம் தராமல் மடித்து, படிவம் நிரப்பும் வேறொருவரின் மேசைக்குக் கொண்டுபோனார். நான் அவரைக் குறை கூறவில்லை. அவருடைய மகள் இன்னும் உட்கார்ந்தபடியேதான் உறங்குகிறாள்.

ஐயா, அம்மணி, நகரசபையின் கோப்பில் அந்தக் கடிதம் என் பெயரோடு பல்லாண்டு இருக்கும். நடந்தது இன்னதென்று எழுதியிருப்பது இந்தப் பக்கங்களில் மட்டும்தான். தயவுசெய்து இதை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.