கிணற்றுக்கு ஒரு படிவம்

ஓல்போர்க் நகரில் பயிற்சியின் மூன்றாவது நாள். போர் நடக்கும் நாடொன்றிலிருந்து வந்திருக்கும் அரசு அதிகாரிகளுக்கு, குண்டு விழுந்த மண்ணையும் நீரையும் சோதித்துப் பதிவு செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. இடைவேளையில் காப்பி ஊற்றும் யாழ்ப்பாணத்து அக்கா என் கையிலிருக்கும் படிவத்தைப் பார்க்கிறார்.

“இது என்ன தம்பி?”

சொல்கிறேன்.

“எங்கட கிணத்தடியிலையும் ஷெல் விழுந்தது. தண்ணி கைச்சுப் போச்சு. ஒருத்தரும் வந்து கேக்கேல்லை.”

“நான் கேக்கறேன்க்கா. சொல்லுங்க.”

ஊர்ப் பெயரைச் சொல்கிறார். தேதியில் தடுமாறுகிறார்.

“மாரி காலம். மகள் அப்ப வயித்திலை.”

தேதிக் கட்டத்தில் அதையே எழுதுகிறேன். அந்த நீரை இப்போது யார் குடிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்கிறார்.

“ஆரோ குடிச்சுக்கொண்டுதான் இருப்பினம், தம்பி.”