போடிமெட்டுக்கு ஒரு தட்டை லென்ஸோடு

1983, ஆவணி மாதம். காலை ஆறரை மணி.

போடியில் தோட்டத்து ஆட்களை ஏற்றும் ஜீப்பில், பதினான்கு பேருக்கு நடுவே ஒண்டிக்கொண்டேன். போடிமெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், ஆளுக்கு மூன்று ரூபாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் மாயாண்டியின் மனைவி பேச்சி, முந்தின நாள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எட்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. அடக்கத்துக்கு முன்னால் முகத்தை எடுத்துவிட வேண்டும் என்று மாயாண்டி ஜீப் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

இறந்தவர் படத்தில் கண்ணைத் திறந்து கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மூடிய இமைமேல் தூரிகையால் கண் வரைவோம். எங்களுக்கு வரைந்து கொடுக்கும் சேது அண்ணன் கிளம்பும்போதே சொன்னார்: “கூடப்பொறந்தவ இருந்தா அவ கண்ணையும் ஒண்ணு எடுத்துட்டு வா மாப்ளே. நானா வரைஞ்சா எல்லாப் பொணத்துக்கும் ஒரே முழிதான்.”

முகம் எடுக்க என்னிடம் நீள லென்ஸ் ஒன்று உண்டு. குலுங்கிக் கண்ணாடி விட்டுப்போகுமோ, மலைப்பனியில் பூஞ்சை பிடிக்குமோ என்று பயந்து அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கொண்டுபோனது நாற்பது மில்லிமீட்டர் தட்டை லென்ஸ். பான்கேக் லென்ஸ் என்பார்கள். ஒரு அதிரசத்தின் கனம்தான். கேமராவோடு மழைக்கோட்டுப் பையில் அடங்கிவிடும். பாரமே தெரியாது. தெரியாததாலேயே, விழுந்துவிட்டதோ என்று ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “என்னண்ணே, மூடியை மட்டும் கொண்டாந்திருக்கீக? லென்சு எங்க?”

“இதுதாம்ப்பா லென்சு.”

“பொறவு என்ன, பேச்சிக்குப் பாதி மூஞ்சிதான்” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

எட்டேகால். போடிமெட்டில் மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது. அங்கிருந்து வேறு ஜீப்பில் ஒன்பது கிலோமீட்டர். அப்புறம் ஏலச்செடிகளுக்கு இடையே மூன்று கிலோமீட்டர் நடை. மேலே மரங்கள் மூடிக்கொண்டு பகலே இருட்டாக இருந்தது. காலில் ஏறிய அட்டைகளைவிட வெளிச்சத்தை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். இந்த லென்ஸ் இருட்டில் தடுமாறும்.

பத்தரை. வரிசைவீட்டின் கூரைச் சரிவுக்கு அடியில் பேச்சியைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். மாயாண்டி குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தார். “வெரசா எடுத்துப்புடுங்கண்ணே. குழி வெட்டியாச்சு, மழை இருட்டிக்கிட்டு வருது. நாளைக்கு இது ஆத்தா எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்?”

வாய்க்கட்டு முகத்தை மறைத்தது. அவிழ்த்ததும் தாடை தொங்கிவிட்டது. பேச்சியின் தங்கை லட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, ஏலக்காய் பறித்துக் கறுத்த ஒரு விரலால் அக்காவின் நாடியைத் தாங்கிப் பிடித்தாள். அந்த விரலைப் பிறகு படத்தில் அழித்துக்கொள்ளலாம்.

தள்ளி நின்றால் முகம் கடுகாகிறது. கண் வரைய இடமிருக்காது. இரண்டடிக்கு நெருங்கினால் மூக்கு புடைத்துத் தெரிகிறது. நீள லென்ஸ் என் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. குளிரில் விறைத்த விரலுக்கு அந்த மெல்லிய வளையம் பிடிபடவில்லை. ஃபோகஸைத் திருப்புகிறேன் என்று பக்கத்து வளையத்தைத் திருப்பினேன். மூன்று முறை சரிபார்த்து ஆறு படம் எடுத்தேன்.

அடுத்து லட்சுமியின் கண். ‘அழுகையை நிறுத்தி என்னைப் பாரும்மா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இந்த லென்ஸின் பெரிய சுகம், எதிரில் இருப்பவர் அதைக் கேமராவாகவே எண்ணுவதில்லை. அவள் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குனிந்து, அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, சட்டம் போட்ட படத்தோடு மறுபடி ஏறினேன். மூக்குப் புடைப்பைச் சேது அண்ணன் நிழல் கொடுத்துக் குறைத்திருந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு எனக்கு உறுத்தியது. கேட்டதற்கு, “நீ கொண்டாந்த கண்ணுதானப்பா. உசுரோட இருக்குல்ல?” என்றார்.

மாயாண்டி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு வேட்டி முனையால் கண்ணாடியில் அந்தக் கண்ணுக்கு அடியில் துடைத்தார். மேகம் உள்ளே வந்து வந்து போகிற வீடு. எதைத் தொட்டாலும் ஈரம். மறுபடியும் துடைத்தார்.

“ஈரம் போகமாட்டேங்குதேண்ணே.”

எட்டிப் பார்த்த லட்சுமி கண்ணாடியை விரலால் தடவினாள். “அது உள்ளுக்குள்ள இருக்கு மாமா” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “அக்கா காய்ச்சல்லகூட அழுகலையே.”

வேறு வரைந்து தரச் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். மாயாண்டி கொடுக்கவில்லை. “வேற எந்தக் கண்ணுண்ணே இருக்கு?” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் தொட்டிலுக்கு எதிரே ஆணி அடிக்கக் கல்லைத் தேடினார்.

மாலை நாலு மணி ஜீப்பில் இறங்கினேன். கேமரா பையில்தான் இருந்தது. கீழே போடி வரும்வரை எந்த வளைவிலும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.