ஒன்பது குப்பி மருந்து

போன வாரம் வைட்ஃபீல்டிலிருந்து திரும்பும்போது, நான் இருந்த கேப் நாற்பது நிமிடம் ஒரே பேருந்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதுகிலிருந்த விளம்பரத்தை மனப்பாடம் செய்து முடித்தபின் போனை எடுத்தேன். அந்தக் காலத்துப் பூதம், மந்திரவாதி விளையாட்டு ஒன்றைப் புதுப்பித்து விட்டிருக்கிறார்கள். இறக்கிப் பார்த்தேன். மூலையில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் விளையாட்டு தன்னைத்தானே விளையாடிக்கொள்ளுமாம். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பார்க்கக்கூட வேண்டாம், ஜெயித்ததும் செய்தி அனுப்பும். நமக்குப் பதிலாகச் சாப்பிடவும் சீக்கிரமே ஒன்று வரும், பொறுத்திருங்கள்.

நாங்கள் ஆடிய காலத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது. பூதத்தை நாமேதான் அடிக்க வேண்டும். தொண்ணூற்றொன்பதில் ஆம்பூரிலிருந்து பெங்களூர் வந்து, தொம்மலூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி முணுமுணுத்துப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் செய்வதுதான் வேலை. காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். டாக்டர்களிடம் அப்படியொரு அதிகாரம் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

அங்கே பயிற்சி அறை என்று ஒன்று இருந்தது. பயிற்சி மட்டும்தான் நடக்காது. அதில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் லாரன்ஸ் ஒரு நாள் ஆறு ஃப்ளாப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டு இந்த மாதிரி விளையாட்டு ஒன்றை ஏற்றினான். லாரன்ஸ் எங்களோடு வேலை பார்த்தவன், பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் வளைத்து இங்கிலீஷில் கொண்டுபோய் நிறுத்துவான். பக்கத்து மேசை ஸ்டெல்லாவும் சேர்ந்துகொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேதான். ஆளுக்கொரு வீரன், பெயர்கள் எங்களுடையவையே. ஸ்டெல்லா வாளை எடுத்துக்கொண்டாள். லாரன்ஸ் வைத்தியன். எனக்கு மிச்சமிருந்தது திருடன். குழுவின் மூட்டையைச் சுமப்பதும் திருடன்தான். அந்த விளையாட்டு ஊரில் யார் யோசித்து வேலை பிரித்தார்களோ, தெரியவில்லை.

முறை வைத்து அடிக்கிற விளையாட்டு அது. நம் முறை வந்துவிட்டால், நாம் முடிவு செய்கிற வரை பூதம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டெல்லா டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சைச் சாதத்தில் கடலையைப் பொறுக்கித் தின்று, கையைக் கழுவிக்கொண்டு வரும் வரை ஒரு பொறி நெருப்பு உமிழாது. இவ்வளவு மரியாதை தெரிந்த எதிரியை நான் வேறெந்த ஆபீசிலும் சந்தித்ததில்லை.

மூட்டை என்னிடம் வந்ததுதான் வினை. குற்றுயிரானவனையும் எழுப்பி உட்கார வைக்கிற ஒரு மருந்து வழியில் அபூர்வமாகக் கிடைக்கும். ஒன்பது குப்பி சேர்த்திருந்தேன். யாருக்கும் தர மாட்டேன். டிவி ரிமோட்டை வாங்கி வந்த பாலிதீன் உறையோடேயே பயன்படுத்துகிற வீட்டில் வளர்ந்தவள் நான். விருந்தாளிக்கென்று எடுத்த கண்ணாடிக் கோப்பைகள் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை, எத்தனையோ விருந்தாளிகள் வந்து எவர்சில்வர் டம்ளரில் குடித்துவிட்டுப் போன பிறகும். நல்ல பொருள் என்றால் நல்ல சமயத்துக்கு வைக்க வேண்டும். காலை முழுக்க யார் யாருக்கோ எத்தனை மில்லிகிராம் கொடுக்க வேண்டும் என்று டைப் செய்துவிட்டு, மதியம் கூட இருப்பவனுக்கு ஒரு சொட்டு தராத பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவம்பரில் லாரன்ஸுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். போவதற்குள் ஆட்டத்தின் முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தான். எனக்கு லாரன்ஸை ரொம்பப் பிடிக்கும். இதை இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். அவனிடம் சொல்லவில்லை. அதற்கும் நல்ல சமயம் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசிக் குகை. வாசலில் ஆட்டத்தைப் பதிவு செய்துவிட்டு உள்ளே போனோம். நெருப்பு கக்கும் ஒரு நாகம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. லாரன்ஸ் தன் மந்திர சக்தியை எல்லாம் எங்கள் இருவரின் காயங்களுக்கே செலவழித்துவிட்டான். அவனுடைய வைத்தியனுக்கு உயிர் இரண்டே புள்ளிதான் பாக்கி.

"ஒரே ஒரு குப்பி குடு மா. என் ஆளு சாவறான்."

"இருப்பா. உள்ள இன்னும் பெருசா ஒண்ணு இருக்கும்."

நான் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. அதுவரை போன ஒவ்வொரு குகையிலும் பெரியதற்குப் பின்னால் அதைவிடப் பெரியது இருந்தது.

"இதுவே ஸ்க்ரீன் தாண்டிப் போவுதே, இதுக்கு மேல எங்கடி பெருசு? குடுத்துத் தொலையேன்!" என்றாள் ஸ்டெல்லா.

"பேக பேக மா, சீக்கிரம், ரெண்டு மணி ஆவப்போவுது," என்றான் லாரன்ஸ்.

என் முறை. நாகம் வழக்கமான மரியாதையோடு காத்திருந்தது. நான் மூட்டையைத் திறக்காமல் கத்தியை வீசினேன். அடுத்த முறை நாகத்துடையது. வைத்தியன் விழுந்தான். அந்த விளையாட்டில் செத்தவன் செத்தவன்தான். அதற்கடுத்த வெட்டில் ஸ்டெல்லா நாகத்தைச் சாய்த்தாள். உள்ளே பெரியது எதுவும் இல்லை. வாத்தியம் முழங்கியது. ஸ்டெல்லா தளபதியானாள், நான் சீமாட்டியானேன் என்று எழுத்துகள் ஓடின. லாரன்ஸின் பெயர் வரவேயில்லை.

"பரவால்ல வுடு மா. சாமானெல்லாம் சேஃபா இருக்குல்ல?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். இரண்டு மணிக்குப் பெடலை மிதித்தேன், டாக்டர் பேசினார்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா, "வாசல்ல சேவ் பண்ணோமே, அதுலேர்ந்து ஆடலாம்டி. இந்தத் தடவ மருந்தக் குடு, பொழச்சுக்குவான்," என்றாள். அவள் சொன்னது சரிதான். பதிவில் லாரன்ஸ் உயிரோடு இருந்தான், ஒன்பது குப்பியும் இருந்தன. "அவன் லீவுக்கு வரட்டும், மூணு பேருமா ஆடலாம்," என்றேன். எனக்குப் புத்தி வந்துவிடும் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும்.

டிசம்பரில், இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் படுத்துவிடும் என்று ஊரே நடுங்கியது. எங்கள் ஆபீசுக்கும் ஒருவர் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றினார். பயிற்சி அறைக்கு நான் ஓடிப் போனபோது, "ஃபுல் க்ளீன் மேடம்," என்றார் பெருமையாக. ஜனவரி ஒன்றாம் தேதி உலகம் நலமாகவே இருந்தது.

அடுத்த வருடம் லாரன்ஸ் லீவில் வந்தான், கல்யாணத்துக்கு. பெண் கோலாரில் யாரோ. பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் பயிற்சி அறையை எட்டிப் பார்த்தான்.

"நம்ம கேம் இருக்கா மா? இப்பவாவது குடுக்கறியா?"

கொடுத்திருப்பேன். ஒன்பதையும் கொடுத்திருப்பேன். கொடுக்கத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.